ஓவன் டியூடரின் கல்லறையைத் தொலைத்தது யார்?

இங்கிலாந்தில் லங்காஸ்டர், யார்க் என்ற இரண்டு அரச குடும்பங்கள் 15ஆம் நூற்றாண்டில் அரியணைக்காக மோதிக்கொண்ட ரோஜாப் போர்கள் என்றாலே பேச்சு மன்னர் மூன்றாம் ரிச்சர்டிடம்தான் போய் நிற்கும். லெஸ்டர் நகரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் 2012இல் அவர் எலும்புகள் கிடைத்த கதை அப்படி. எனக்கு அதே போரில் தலையை இழந்த ஓவன் டியூடரை நினைத்தால்தான் மனசு ஆறுவதில்லை.

வேல்ஸ்காரர். ஐந்தாம் ஹென்றியின் விதவை ராணி கேத்தரினிடம் வேலைக்குச் சேர்ந்து, அவரையே ரகசியமாக மணந்தவர். 1461 பிப்ரவரியில் மார்டிமர்ஸ் கிராஸ் சண்டையில் இவருடைய லங்காஸ்டர் அணி தோற்றது. ஜெயித்த யார்க் படையின் தலைவர் எட்வர்டுக்கு வயது 18. அவர் அப்பாவும் தம்பியும் வேக்ஃபீல்டு சண்டையில் லங்காஸ்டர் அணியால் கொல்லப்பட்டு ஐந்து வாரம்கூட ஆகவில்லை. பிடிபட்ட ஓவனை ஹெரிஃபோர்டு நகரச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள்.

சிவப்பு வெல்வெட் சட்டையின் கழுத்துப்பட்டியைக் கிழிக்கும்வரை மன்னிப்பு வரும் என்றே நம்பினாராம். அப்புறம், "ராணி கேத்தரின் மடியில் கிடந்த தலை இனி இந்தக் கட்டையில் கிடக்கும்" என்றாராம். வெட்டிய தலையைச் சந்தை நடுவே நின்ற கற்சிலுவையின் உச்சிப் படியில் வைத்தார்கள். ஒரு பெண் வந்து தலைமுடியைச் சீவி, முகத்து ரத்தத்தைக் கழுவி, சுற்றிலும் நூற்றுக்கும் மேல் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள். அவளைப் பைத்தியக்காரி என்று எழுதிவைத்திருக்கிறார் அந்தக் காலத்து வரலாற்றாசிரியர். என்னால் ஏற்க முடியவில்லை. அத்தனை மெழுகுவர்த்தி அன்று ஏழைக்குக் கட்டுப்படியாகாத சரக்கு. ஊரில் யாரோ அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

உடலைப் அந்த ஊரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1485இல் பேரன் ஏழாம் ஹென்றி அரசராகியும் கல்லறை எழும்பவில்லை. அதற்குப் பணம் கொடுத்தவர், முறையான திருமணத்தில் பிறக்காத மகன் டேவிட் ஓவன். அதையும் எதிரிகள் இடிக்கவில்லை. சொந்தக் கொள்ளுப்பேரன் எட்டாம் ஹென்றி மடங்களை மூடச் சொன்னபோது, 1538இல் அந்த மடமும் போனது. ஓவனின் மகன் எட்மண்டும் கார்மார்தனில் இதேபோன்ற மடத்தில்தான் கிடந்தார். அவரை மட்டும் எடுத்துப்போய் செயின்ட் டேவிட்ஸ் பேராலயத்தில் வைத்தார்கள். இன்றும் அங்கே பார்க்கலாம். அதே அக்கறையைக் கிழவருக்கும் காட்டியிருக்கலாமே! ஒரு வம்சமே இவர் பெயரில் 118 வருடம் ஆண்டது.

தலை விழுந்த கடைவீதியில் ஒரு நினைவுக்கல் பதித்திருக்கிறார்கள், சரி. மடம் இருந்த இடத்தில் இன்று வீடுகள். அவற்றை இடிக்கச் சொல்லவில்லை. அங்கே குழாய்க்கோ கேபிளுக்கோ எப்போது குழி தோண்டினாலும் ஒரு தொல்லியலாளர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.