ஒரு பக்கக் கடிதத்துக்கு எத்தனை மாசம்தான் அலையறது?

வயிறு எரிஞ்சு எழுதறேன். அமெரிக்காவுல ஃபால்கன்ரி, அதாவது பருந்தைப் பழக்கி வேட்டையாடறதுக்கான லைசென்ஸுக்கு மூணு படி: அப்ரென்டிஸ், ஜெனரல், மாஸ்டர். என் அப்ரென்டிஸ் காலம் முடிஞ்சு அடுத்த வேட்டை சீசனே வந்தாச்சு. இன்னும் ஜெனரல் ஆகலை. தேர்வுல தோத்தேனா? இல்லை. பருந்தைப் பட்டினி போட்டுக் கொன்னேனா? இல்லை. எனக்குப் பொறுப்பா நிக்கிற மூத்தவர், அதாவது என் ஸ்பான்சர், நான் ஒழுங்காப் பழகினேன்னு ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதித் தரணும், தரமாட்டேங்கறார். அவ்வளவுதான் விஷயம்.

இது காசு கட்டினா கிடைக்கிற லைசென்ஸ் இல்லை. எழுத்துத் தேர்வுல 80 சதவீதம் எடுக்கணும். பறவைக்குக் கட்டின கூண்டறையை அதிகாரி வந்து பார்த்துத் தலையாட்டணும். அனுபவம் உள்ள ஒருத்தர் ஸ்பான்சரா நிக்கணும். அப்புறம்தான் பறவை. இலையுதிர் காலத்துல ரோட்டோரம் கம்பத்துல உட்கார்ந்திருக்கிற இளம் செவ்வால் பருந்தைத் தேடி அலையணும். அப்ரென்டிஸ் காட்டுல பிடிக்கிறதுன்னா ஒரு வயசுக்குக் குறைஞ்சதா இருக்கணும், கூட்டுல இருக்கிற குஞ்சையும் தொடக்கூடாது. பொறின்னா ஒரு சின்னக் கம்பிக்கூண்டு, உள்ளே எலி, மேலே மீன்பிடி நரம்புல வரிசையாச் சுருக்கு. பால்-சத்ரின்னு பேரு, நம்ம துணைக்கண்டத்துல இருந்து போனதுதான்.

பிடிச்ச பிறகுதான் உண்மையான வேலை. தினமும் தராசுல ஏத்தி கிராம் கணக்குல எடை பார்க்கணும். நெஞ்செலும்பு மேல விரலை ஓட்டிப் பார்ப்பேன். ரெண்டு பக்கமும் சதை வழிச்சுக்கிட்டுப் போய் எலும்பு கத்தி மாதிரி துருத்தினா ஆபத்து. கொழுகொழுன்னு இருந்தா அது பறந்து மரத்துல உட்கார்ந்துக்கும், நாள் முழுக்கக் கூப்பிட்டாலும் கைக்கு வராது. டிசம்பர்ல சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடும். அதனால மத்தியானச் சாப்பாட்டை விட்டுட்டு, லேப்டாப்பை மூடி வச்சுட்டுப் பனியில புதரைத் தட்டி முயல் கிளப்பப் போவேன். குளிர்காலம் பூரா இதுதான். இதையெல்லாம் நோட்டுல தேதியோட, எடையோட எழுதி வச்சிருக்கேன்.

இப்போ விதி என்ன சொல்லுதுன்னு பாருங்க. அப்ரென்டிஸா ரெண்டு வருஷம், அதுல ஒவ்வொரு வருஷமும் குறைஞ்சது நாலு மாசம் பறவையைப் பராமரிச்சு, பழக்கி, பறக்கவிட்டு, வேட்டையாடியிருக்கணும். எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாலும் இந்த ரெண்டு வருஷத்தைக் குறைக்க முடியாது. இது நியாயமான விதி, நான் கையெடுத்துக் கும்பிடறேன். ரெண்டு குளிர்காலம் பார்க்காதவன் கையில மூணு பருந்தைக் கொடுக்கக் கூடாது.

ஆனா இதை நான் செஞ்சேன்னு ஒருத்தர் எழுதித் தரணும், அங்கதான் கழுத்தறுப்பு. என் ஸ்பான்சர் முதல்ல "அடுத்த வாரம் பார்க்கலாம்"னார். அப்புறம் போனை எடுக்கறதே இல்லை. கடைசியா ஒருநாள் மாட்டினார், அப்போ புதுசா ஒண்ணு சொல்றார்: "முதல் வருஷப் பறவையை மார்ச் மாசம் காட்டுலயே விட்டுட்டியே, அந்த வருஷம் கணக்குல வராது." எந்த விதியில இருக்கு இது? பிடிச்சு, வேட்டையாடி, திருப்பி விட்டதும் அனுபவத்துல சேரும்னு விதியிலயே இருக்கே! அந்தப் பறவையை விடும்போது பக்கத்துல நின்னு பார்த்தவரே அவர்தான். அன்னைக்கு ஏன் வாயைத் திறக்கலை?

சரி, போகட்டும். கடிதம் ஜெனரலோ மாஸ்டரோ யார் வேணாலும் தரலாம், ஸ்பான்சரே தந்தா நல்லது, அவ்வளவுதான் மத்திய விதி. எங்க மாநில விதிப் புத்தகத்துலயும் அதே வரிதான். ரெண்டு வருஷமா என்கூடக் காட்டுக்கு வந்த ஒரு ஜெனரல், நல்ல மனுஷன், உடனே எழுதிக் கொடுத்துட்டார். எடுத்துக்கிட்டு லைசென்ஸ் கொடுக்கிற மாநில ஆபீஸுக்குப் போனா, "ஸ்பான்சர்கிட்டயே வாங்கிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பறாங்க. புத்தகத்தைப் பிரிச்சுக் காட்டினேன். "இங்கே வழக்கம் இப்படித்தான்"னு பதில். எழுதி வச்ச விதிக்கு மேல என்னய்யா வழக்கம்? 2014-ல இருந்து லைசென்ஸ் கொடுக்கிறது மத்திய அரசு இல்லை, மாநிலங்கள்தான். அதனால மேல போய் முறையிடவும் சட்டுனு ஒரு கதவு இல்லை.

"ஒரு பறவை இருக்கே, அதோட சந்தோஷமா இரேன், எதுக்கு அவசரம்"னு கேக்கறாங்க. அப்ரென்டிஸுக்கு ஒரே ஒரு பறவைதான். நுரையீரல்ல பூஞ்சை பிடிச்சு அது செத்தா என் சீசன் அதோட போச்சு. ஜெனரல்னா மூணு வரைக்கும் வச்சுக்கலாம், யார் தயவும் வேணாம். (ஊர்ல அம்மா "அங்கே போயும் பருந்தா?"ன்னு கேக்கறாங்க. நம்ம ஊர்ல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தொட்டாலே கேஸ், அமெரிக்காவுல சட்டப்படி செய்யலாம்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு.)

என்னை விடுங்க. பன்னெண்டு வயசுலயே அப்ரென்டிஸ் ஆகலாம். ஒரு பொண்ணு அந்த வயசுல ஆரம்பிச்சு, பதினாறு ஆகற வரைக்கும் பொறுத்திருந்து, ஒரு பெரிய மனுஷன் போனை எடுக்காததால நிக்கறான்னா அவ என்ன செய்வா? கையுறையைக் கழட்டி வச்சுட்டு வேற வேலையைப் பார்க்கப் போயிடுவா.

நான் கேக்கறது இதுதான்: அப்ரென்டிஸ் கேட்ட முப்பது நாளுக்குள்ள ஸ்பான்சர் கடிதம் தரணும், இல்லைன்னா ஏன் தரலைன்னு எழுத்துல சொல்லணும். ரெண்டும் இல்லைன்னா அடுத்தவர் கடிதத்தை ஆபீஸ் வாங்கித்தான் ஆகணும். இதை மனுவா எழுதிட்டேன். நோட்டு, அந்த ஜெனரல் கொடுத்த கடிதம், விதிப் புத்தகத்தோட நகல் எல்லாத்தையும் சேர்த்துத் திங்கக்கிழமை காலையில மறுபடி போறேன். வாங்க மாட்டோம்னா, அதையாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.