பழைய வெஸ்பாவுக்குப் பெயிண்ட் கடைசி வேலை

பச்சை அடித்து, குரோம் கம்பி மாட்டி, பினாங்கு ஜார்ஜ்டவுன் சுவரோவியத்துக்கு முன்னால் நிறுத்தினால் படம் அழகாகத்தான் விழும். அடியில் தகரம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது படத்தில் தெரியாது.

வெஸ்பா ஸ்கூட்டருக்குத் தனி ஃபிரேம் (சட்டகம்) கிடையாது. 1946இல் அதை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார்சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. சங்கிலியின் எண்ணெய் உடையில் படாமலிருக்க எஞ்சினைப் பின்சக்கரத்தோடு நேராக இணைத்தார். டயர் மாற்ற வசதியாக முன்சக்கரத்தை ஒரே பக்கம் தாங்கவைத்தார். உடல் தகடே எலும்பு. அதனால் துரு விழுந்தால் முதுகெலும்பிலேயே விழுகிறது. 1947இல் வந்த போட்டி ஸ்கூட்டர் லம்பிரெட்டாவுக்கு உள்ளே குழாய் ஃபிரேம் உண்டு, பக்க மூடி ஓட்டையானால் மூடியை மட்டும் மாற்றலாம்.

ஆகவே வாங்கும்போது குனிந்து பாருங்கள். மிதிபலகையின் அடிப்பக்கம், ஸ்டாண்ட் திருகும் இடம், பின்பிரேக் மிதியைச் சுற்றிய பகுதி. பினாங்குக் கடற்காற்று முதலில் தின்பது இவற்றைத்தான். துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்குக் கீழே பட்டி இருக்கிறது. கிரானில் (வண்டி உரிமைப் பத்திரத்தில்) உள்ள எண்களை வண்டியில் உள்ளவற்றோடும் ஒப்பிடுங்கள்: விபிபி ரகத்தின் முதல் வரிசையில் சேசிஸ் (உடல்) எண்ணுக்கு முன்னால் 'விபிபி1டி', எஞ்சினுக்கு 'விபிபி1எம்' என்றிருக்க வேண்டும். பொருந்தாத வண்டியோடு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) போய் அலைய ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

எஞ்சினில் பணம் போக வேண்டியது ஆயில் சீலுக்கு, அதாவது சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கு. வருடக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் ரப்பர் இறுகிவிடும். ஃபிளைவீல் பக்கச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். அப்படியே நெடுஞ்சாலையில் இழுத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. ஃபிளைவீலை அதற்குரிய புல்லரால் (இழுத்தெடுக்கும் கருவியால்) கழற்றி, அதன் பின்னால் உள்ள ஸ்டேட்டர் தட்டு (மின்சுருள் தட்டு) இருந்த இடத்தைக் கோடு கிழித்துக் குறித்துக்கொண்டு சீலை மாற்ற வேண்டும். குறிக்காமல் கழற்றினால் பிளக் பொறி விடும் டைமிங் போச்சு.

கிளட்ச் பக்கச் சீல் போனதற்கு அடையாளம் ஓயாத வெள்ளைப் புகையும் குறைந்துகொண்டே போகும் கியர் ஆயிலும். அதற்கு எஞ்சினை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். பிரித்த கையோடு பேரிங்குகளையும் மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான். மூடியபின் கியர்பெட்டியில் எஸ்ஏஇ 30 ஆயில் 250 மில்லி.

விபிபி போன்ற ரோட்டரி வால்வு எஞ்சினுக்குப் பெட்ரோலில் கலக்கும் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் 2 சதவீதம், 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. "கூட ஊற்றினால் பாதுகாப்பு" என்று சொல்கிற அண்ணன்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிளக்கில் கரிதான் சேரும்.

டயர் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. ரிம் இரண்டு பாதியாக வருவது. சக்கரத்தை ஹப்பிலிருந்து கழற்றும் நட்டு வேறு, ரிம் பாதிகளை இணைக்கும் நட்டு வேறு. காற்றை முழுக்க இறக்காமல் இரண்டாவதைத் தளர்த்தினால் ரிம் முகத்துக்கு நேராகத் தெறிக்கும்.