மூட்டையா, கைப்பிடியா?

ஈரோட்டுப் பக்கம் சாம்பிள் என்றால் முதலில் மஞ்சள் மண்டிதான் நினைவுக்கு வரும். சாம்பிள் மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்த்த பிறகுதான் வியாபாரி விலையே சொல்வார். அந்த ஊரில் வளர்ந்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு இசைக்கருவிச் சாம்பிள் (கீபோர்டை அழுத்தினால் ஒலிக்கும்படி, நிஜக் கருவியைச் சுரம் சுரமாக வாசித்துப் பதிந்தது) வாங்கும்போது மட்டும் எதையும் ஒடித்துப் பார்க்காமல் மூட்டையோடு தூக்கி வந்தவன் நான். பல கருவிகளை மொத்தமாகத் தரும் மூட்டையா, கைப்பிடியாக ஒவ்வொன்றாய் வாங்கும் உதிரியா என்பதுதான் இங்கே கேள்வி.

நாலு வருடம் முன்னால், நவம்பர் தள்ளுபடியில் வாங்கினேன். இருநூறு கருவிக்கு மேல், பாதி விலை. கோயில் பாட்டு, வள்ளி கும்மிப் பாட்டு, கல்யாண வீடியோ என்று வீட்டில் உட்கார்ந்தே இசை போட்டுக் கொடுக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? இறக்கி முடிக்க மூன்று ராத்திரி ஆனது. கம்ப்யூட்டரில் இடம் போதாமல், சேமித்து வைக்க எஸ்எஸ்டி ஒன்று வாங்கியது தனிச் செலவு. போன வாரம் எண்ணிப் பார்த்தேன். இதுவரை நான் தொட்டது ஏழே ஏழு. மிச்சமெல்லாம் பரண்மேல் ஏற்றிய சீர்ப் பாத்திரம்.

ஜிபியைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்பிட்ஃபயர் என்ற சாம்பிள் கம்பெனியின் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா தொகுப்பில் ப்ரோ பதிப்பு 600 ஜிபி அளவுக்கு வரும். அதே வாத்தியக் குழுவின் டிஸ்கவர் பதிப்பு ஒரு ஜிபிகூட இல்லை. ப்ரோ அவ்வளவு பெருத்ததற்கு முக்கியக் காரணம், ஒரே வாசிப்பை இருபது மைக் நிலைகளில் தருவதுதான். கும்மிப் பாட்டு கேட்பவர் பாதிப்பேர் செல்போன் ஸ்பீக்கரில் கேட்கிறார்கள், அவர்களுக்கு எந்த மைக்காக இருந்தால் என்ன?

ஆனால் பாட்டில் முன்னால் நிற்கும் கருவிக்குக் கஞ்சத்தனம் கூடாது. அங்கே நல்ல உதிரிக்குத்தான் என் ஓட்டு. ஒரு வயலினில் நாற்பது சுரம், மெதுவிலிருந்து பலம் வரை நாலு அழுத்தம், ஒவ்வொன்றையும் நாலு முறை மாற்றி மாற்றி வாசித்தது என்றால் 640 பதிவு. அதுவும் ஒரே ஒரு வாசிப்பு முறைக்கு. இப்படி மாற்றி வாசித்ததைத்தான் ரவுண்ட் ராபின் என்கிறோம். இருநூறு கருவி மூட்டையில் இந்த உழைப்பு எல்லாக் கருவிக்கும் கிடைக்காது. நான் மூட்டையிலிருந்து போட்ட பம்பையைக் கேட்டுவிட்டு, எங்கள் ஊர்ப் பம்பைக்காரர் ஒருவர், “ஏங் கண்ணு, ஒவ்வொரு அடியும் அச்சுல வார்த்தாப்புல ஒண்ணாவே விழுகுது?” என்றார். ரவுண்ட் ராபின் என்ற வார்த்தையே அவர் கேட்டதில்லை.

வயலின், வியோலா, செல்லோ சேர்ந்து வாசிக்கும் இடம் வேறு. அங்கே செட்டாகத்தான் எடுக்க வேண்டும். வயலினை ஓரிடத்திலும் செல்லோவை வேறிடத்திலும் உதிரியாக வாங்கிச் சேர்த்தேன். ஒன்று சர்ச்சுக்குள் எதிரொலிக்கிறது, ஒன்று மூடிய அறைக்குள் முனகுகிறது. எவ்வளவு ரிவர்ப் (செயற்கை எதிரொலி) போட்டும் இரண்டும் ஒட்டவில்லை. ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸ் மாதிரி, ஒரே அரங்கில் பதிந்த தொகுப்பிலிருந்தே கருவிகளைத் தனித்தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல வழி. நாலைந்து உதிரி சேர்ந்தால் செட்டு விலையையே தொட்டுவிடும் என்பதும் உண்மைதான். அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அப்புறம், உதிரி வாங்குமுன் எதில் ஓடும் என்று பாருங்கள். சாம்பிளை ஓட்டும் மென்பொருளில் கான்டாக்ட் என்று ஒன்று. காசு கொடுத்து வாங்கும் முழு கான்டாக்ட் கேட்கும் கருவியை அதன் இலவசப் பிளேயரில் திறந்தால் பதினைந்து நிமிடத்தில் நின்றுவிடும். படிக்காமல் வாங்கியது என் தப்பு.

உறுமிக்கு மட்டும் நான் இனி எதுவும் வாங்குவதாக இல்லை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல் ஒரு சுரத்தில் தொடங்கி எங்கோ போய் முடியும். அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கீபோர்டில் வைத்தால் பூனை கத்துகிறது. இரண்டு மைக் இருக்கிறது, மாடியில் அறை இருக்கிறது. வாசிப்பவருக்குக் கூலியும் சாப்பாடும் கொடுத்து ஒரு நாள் உட்கார வைத்தால், மூட்டைக்குக் கொட்டிய காசில் கால்வாசிகூட ஆகாது. பம்பைக்காரரிடமும் பேசிவிட்டேன். பங்குனி பிறந்தால் பெரிய மாரியம்மன், பண்ணாரி என்று கோயில் விழாவுக்குப் போய்விடுவார், ஆளைப் பிடிக்க முடியாது. அதனால் இந்த ஞாயிறே வரச் சொல்லியிருக்கிறேன்.