ஊசியை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி கார்ப்பரேட் சதி, இஞ்சி பூண்டே போதும் என்று வாட்ஸப்பில் சுற்றும் அந்த ஆடியோவைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று பங்காளி வீட்டு ஆச்சி போன் பண்ணி, "தம்பி, இஞ்சி பூண்டே போதும், ரத்தத்தைத் தண்ணியாக்குற ஊசி பணம் புடுங்குற வேலைங்கிறாகளே, நிறுத்திரவா?" என்று கேட்டதும் பொறுக்கவில்லை. அவர்களுக்குப் புற்றுநோய், கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது.

நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

புற்றுநோய் வந்த உடம்பில் ரத்தம் லேசில் உறையும். இரைப்பை, கணையம் என்றால் இன்னும் அதிகம். கீமோவும் படுக்கையும் அதைக் கூட்டும். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறினால் ஆளையே சாய்த்துவிடும். புற்றுநோய்க்கும் ரத்தக்கட்டிக்கும் தொடர்பு உண்டு என்று பாரிஸ் டாக்டர் த்ரூசோ 1865-லேயே சொன்னார். கார்ப்பரேட் சதியாம்! 1865-ல் எந்தக் கார்ப்பரேட்?

எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, இரைப்பையில் புற்று. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிப் பளபளத்தது. முகப்பில் உட்கார்ந்திருந்த உறவெல்லாம் தைலம் போட்டு நீவச் சொன்னது. ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் ரத்தக்கட்டி. அதன்பின் தினமும் ஊசி. தொப்புளைவிட்டுத் தள்ளிச் சதையைக் கிள்ளிப் பிடித்து, மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சில் இருக்கும் காற்றுக்குமிழியை வெளியேற்றாமல் அப்படியே குத்த வேண்டும். குத்திய இடத்தைத் தேய்க்கக் கூடாது. வயிறெல்லாம் கன்றி நீலம் பாய்ந்துவிட்டது. "என்னப்பா, வயித்துல கண்டாங்கி நெய்யிறியா?" என்பார்.

"ரத்தம் கசியுமே?" கசியும். அதனால்தான் பிளேட்லெட்டும் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) சிறுநீரகமும் பார்த்து அளவைக் குறைப்பார்கள், சிலருக்கு நிறுத்துவார்கள். அது டாக்டர் வேலை, வாட்ஸப் வேலை இல்லை. "மாத்திரை இல்லையா?" இருக்கிறது, பலருக்கு இப்போது அபிக்ஸபான் தருகிறார்கள். பழைய மாத்திரை வார்ஃபரின் கதை வேறு. 2003-ல் வந்த ஆய்வில், புற்றுநோயோடு ரத்தக்கட்டியும் வந்தவர்களில், ஆறு மாதத்தில் மறுபடி ரத்தக்கட்டி வந்தவர்கள் வார்ஃபரினில் நூற்றுக்குப் 17, ஊசியில் 9. விலை கையைக் கடிக்கிறது என்பது மட்டும் நிஜம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பூண்டுக்குழம்பு எனக்கும் உயிர்தான் ஐயா. அதை நம்பிக் காலில் கட்டியை வைத்துக்கொண்டிருக்க முடியாது.

"ஊசி போட்டும் உங்கப்பா போயிட்டாரே" என்று ஒரு புண்ணியவான் கமெண்ட். ஆமாம், போய்ட்டார். புற்றுநோயில் போனார். மூச்சு முட்டித் திடீரென்று போகவில்லை. வட்டிக் கணக்கு நோட்டை என் கையில் கொடுத்து, யார் யாருக்கு எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீவச் சொன்னவர்களில் ஒருத்தர்கூட மதுரை ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கருமாதிக்கு மட்டும் கார் காராக வந்து இறங்கினார்கள். இப்போது ஆடியோ அனுப்புவதும் அவர்களேதான்.

இனி எவர் அனுப்பினாலும் பிளாக். சித்தப்பா, உங்களையும் சேர்த்துத்தான்.