இரண்டாவது வண்டிதான் பாடம்

என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் நாள் செய்த பதினொரு வண்டிகளில் நேராக ஓடியவை இரண்டே இரண்டுதான். உடல் அட்டைத்துண்டு, சக்கரம் தண்ணீர்ப் பாட்டில் மூடி, அச்சு விளக்குமாற்றுக் குச்சி, அந்தக் குச்சி சுழல ஒரு ஸ்ட்ரா. பெஞ்சின் மேல் பலகையைச் சாய்த்து வைத்தோம். யாரும் தள்ளக் கூடாது, பிடித்த கையை எடுக்க மட்டும் வேண்டும். விதி அவ்வளவுதான்.

ஒரு வண்டி வைத்த இடத்தை விட்டு நகரவே இல்லை. குச்சியையும் ஸ்ட்ராவையும் சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். இன்னொன்று ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் திரும்பிச் சுவரில் போய் முட்டியது. அந்தக் குழுவில் ஒரு பையன் மூன்று முறை விட்டுப் பார்த்தான். பிறகு வண்டியைக் கவிழ்த்து வைத்து, தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "டீச்சர், முன் அச்சு கோணலாக இருக்கிறது" என்றான். முதல் ஓட்டத்திலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிடாமல் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். அன்று நான் செய்த ஆசிரியர் வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. ஒருமுறை ஓர் அறிவியல் கண்காட்சியில், கடையில் வாங்கி வந்த மாதிரி ஒன்றுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். தகப்பனும் பிள்ளையும் தடுமாறிச் செய்த காற்றாடி வண்டி மேசையின் ஓரத்தில் கிடந்தது. இப்போது எல்லாம் பொருந்தும்படி வெட்டிய துண்டுகளோடு பெட்டிகளும் விற்கிறார்கள். படத்தைப் பார்த்து மாட்டினால் வண்டி ஓடும். ஓடட்டும். ஆனால் சக்கரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அச்சு எங்கே போக வேண்டும் என்று அந்தப் பிள்ளை ஒரு கணமாவது யோசித்ததா? முடிவுகளையெல்லாம் வேறு யாரோ எடுத்துவிட்ட பிறகு மிச்சம் இருப்பது கோப்பதுதான், வடிவமைப்பு அல்ல.

"தள்ளுதல் அல்லது இழுத்தல் விசை எனப்படும்" என்பதைப் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளையிடம் உருண்டு போன பந்து ஏன் நின்றது என்று கேளுங்கள். "அதன் பலம் தீர்ந்துவிட்டது" என்று பதில் வரும். இதைத் தவறு என்று அதட்டுவதில் பயனில்லை. ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்க ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து பெரிய அறிஞர்களே நம்பியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிவது அப்படித்தான். ஒரு வரி விளக்கத்தில் அந்த எண்ணம் போகாது.

அதனால் இரண்டாம் வாரம் வண்டியை மாற்றாமல் தரையை மட்டும் மாற்றினோம். ஒரே பலகை, ஒரே சாய்வு, ஒரே வண்டி. சாக்கின் மேல் 40 செ.மீ. ஓடியது. மணலில் ஒரு சாண்கூட ஓடவில்லை. சிமெண்ட் தரையில் இரண்டு மீட்டரைத் தாண்டியது. தலைமையாசிரியர் அறையில் டைல்ஸ் பதித்திருக்கிறது; அனுமதி வாங்கி அங்கேயும் விட்டோம், மேசைக்கு அடியில் போய் நின்றது. ஒருத்தி குச்சியில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு மறுபடி விட்டாள். இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போனது. அளந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "உரசலே இல்லாமல் பண்ணிவிட்டால் வண்டி நிற்கவே நிற்காதா டீச்சர்?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் கலிலியோ சாய்பலகைகளில் குண்டுகளை உருட்டிப் பார்த்து வந்து சேர்ந்த கேள்வி அது. நிற்காது என்ற பதிலை நியூட்டன் 1687இல் விதியாகவே எழுதினார். அடுத்த ஆண்டு 'விசையும் இயக்கமும்' பாடத்தைப் படிக்கும்போது அவளுக்கு அது புதிதாக இருக்காது.

பாடம் முடிக்க நேரம் போதவில்லை என்பார்கள் சக ஆசிரியர்கள். உண்மைதான், இதற்கு எனக்கு ஆறு பாடவேளைகள் ஆயின. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இன்னும் கடினம். ஆனால் நேரத்தைத் தின்பது செய்முறை அல்ல, எல்லோரையும் ஒரே மாதிரி வண்டி செய்ய வைப்பதுதான். நம் மாநிலத்துக்கு இது புதிதும் அல்ல. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்தது. செய்து படிப்பதை அது பழக்கியது. தோற்று, காரணம் கண்டுபிடித்து, மாற்றிச் செய்வதற்கு அதிலும் இடம் குறைவாகவே இருந்தது என்பது என் கருத்து. நான் இப்போது வண்டி ஓடிய தூரத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. முதல் வண்டியிலிருந்து இரண்டாவது வண்டிக்கு எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று நோட்டில் எழுதியதற்குத்தான் போடுகிறேன். கோணல் அச்சுப் பையன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான், படத்தோடு.

அடுத்தது தேர். எங்களுக்குப் பக்கத்தில் திருவாரூர். 96 அடி உயர ஆழித்தேரை வீதி முனையில் திருப்புவதையும் நிறுத்துவதையும் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சக்கரத்துக்கு முன்னால் சரியான நொடியில் முட்டுக்கட்டையைக் கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செங்கல் ஏற்றிய பலகை வண்டி ஒன்றைச் சரிவில் விட்டு, கோடு போட்ட இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது இந்த முறை வேலை. கட்டை மிகத் தட்டையாக இருந்தால் சக்கரம் ஏறிக் கடந்துவிடும், செங்குத்தாக இருந்தால் வண்டி குலுங்கிக் கல் சரியும். மரக்கடையில் கழிவுத் துண்டுகள் சொல்லி வைத்திருக்கிறேன், உப்புத்தாள் வாங்கியாயிற்று.

ஒரு பிள்ளையின் தாத்தா முட்டுக்கட்டை போட்டுப் பழகியவர். வந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். வருகிறேன் என்றார். "ஆனால் சாய்வு எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன் டீச்சரம்மா, அதுகளே செதுக்கிப் பார்க்கட்டும்" என்றார்.