சம்பளத்தோடு ஊர் சுற்றலா?

மலையேற்ற வழிகாட்டிகள் ‘சம்பளத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள்’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது அநியாயம். பாம்பனில் பிறந்த என் சித்தப்பா மகன், உள்ளூர் வழிகாட்டிகளோடு சேர்ந்து எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் குழுக்களை அழைத்துப் போகிறான். வழியில் உள்ள நாம்சே பஜார் என்ற ஊர் 3,440 மீட்டர் உயரம், முகாம் 5,364. நடுவில் தங்கி உடம்பைப் பழக்காமல் ஏறினால் தலைவலி, வாந்தி. முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இரவுச் சாப்பாட்டில் யார் தட்டில் சோறு மிஞ்சுகிறது என்று பார்ப்பதும் அவன் வேலைதான். பசி செத்தால், உயரம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். ‘பணம் கட்டியிருக்கிறேன், ஏறியே தீருவேன்’ என்று மல்லுக்கு நிற்பவரைக் கீழே இறக்குவதுதான் பெரும்பாடு (பெரும்பாலும் படித்தவர்கள்!). ஜூனில் இங்கே மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பும்போது அங்கே மழை பிடித்துக்கொள்ளும், ஊர் திரும்பிவிடுவான். அந்த மாதங்களில் சம்பளம் கிடையாது.