'ஹலோ, போன்ஷூர்' ஏன் முக்கியம்

கனடாவில் பிரெஞ்சு பெரும்பான்மையாக உள்ள மாகாணம் கியூபெக். அதற்கு வெளியே பிரெஞ்சு பேசுவோருக்கும் கியூபெக்கில் ஆங்கிலம் பேசுவோருக்கும் ஒரே மனக்குறைதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. கியூபெக்கில் ஆங்கிலம் அழிந்துவிடும் என்று யாரும் அஞ்சவில்லை. பள்ளியும் மருத்துவமனையும் கைவிட்டுப் போகுமோ என்பதுதான் அவர்கள் கவலை. கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தில், சிறுபான்மை மொழியில் பள்ளிக் கல்வி பெறும் உரிமையைச் சொல்லும் 23ஆவது பிரிவைப் பாருங்கள். தாய்மொழியைக் காட்டிப் பள்ளி கேட்கும் உட்பிரிவு கியூபெக்கில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அங்கே பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க, பொதுவாகப் பெற்றோரில் ஒருவர் கனடாவிலேயே ஆங்கிலத்தில் தொடக்கக் கல்வி படித்திருக்க வேண்டும். சென்னையில் ஆங்கில வழியில் படித்து மாண்ட்ரியலில் குடியேறியவரின் பிள்ளைக்கு அரசு ஆங்கிலப் பள்ளியில் பொதுவாக இடம் கிடையாது.

ஆங்கிலம் பெரும்பான்மையாக உள்ள ஒன்டாரியோ மாகாணத்தில் பிரெஞ்சு பேசுவோரின் பயம் வேறு: மொழி வீட்டு வாசலோடு நின்றுவிடுவது. மருத்துவமனை வரவேற்பு மேசையில் 'ஹலோ' என்பதோடு பிரெஞ்சு வணக்கமும் சேர்த்து 'ஹலோ, போன்ஷூர்' என்றால் நோயாளி பிரெஞ்சில் தொடங்குவார். வெறும் 'ஹலோ' என்றால் பேசாமல் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்; அப்புறம் பிரெஞ்சுக்குத் தேவையே இல்லை என்று கணக்கெழுதுவது சுலபம். அதே மாகாணத்தில், ஒட்டாவாவில் பிரெஞ்சில் இயங்கும் மோன்ஃபோர் மருத்துவமனையை மூடும் திட்டம் 1997இல் வந்தபோது மக்கள் திரண்டு எழுந்து வழக்காடினார்கள்; 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். பிரெஞ்சில் மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் இடமும் அதுதான்.